கோயிலில் மிஞ்சிய காசு: மண்டபமா, ஆஸ்பத்திரி வண்டியா? மத அமைப்புகள் செய்யும் பொதுக்காரியம் பற்றி

சென்னிமலைத் தறி (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் ஊர் சென்னிமலைக்கும் பெருந்துறைக்கும் நடுவில். மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம் போன தையில் நல்லபடியாக முடிந்தது. வரி போட்டதும் வெளியூர்க்காரர்கள் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து, செலவு போக ஒரு நல்ல தொகை வங்கியில் கிடக்கிறது. கோயில் அறநிலையத் துறைப் பட்டியலில் இல்லை, ஊர்க் கமிட்டிதான் பார்க்கிறது.

பெரியவர்கள் கல்யாண மண்டபம் கட்டலாம் என்கிறார்கள். நாங்கள் சிலர் வேறு சொல்கிறோம். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸ் நடந்துவிடும், ஆனால் போய்வர வண்டி? 108 அவசரத்துக்குத்தான் வரும். பஸ்ஸில் போய்விட்டுத் திரும்பும்போது படியேறக்கூட முடியாமல் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோயில் பேரில் ஒரு வண்டி ஓட்டலாம் என்பது எங்கள் யோசனை.

அதற்கு வந்த பதில் இரண்டு. ஒன்று, "சாமி காசு சாமிக்குத்தான்." இன்னொன்று, "ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடமெல்லாம் கவர்மெண்ட் வேலை, நாம எதுக்கு?"

இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஈரோட்டில் சி.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. பெரியநாயக்கன்பாளையத்தில் 1930இல் அவினாசிலிங்கம் அவர்கள் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இருக்கிறது. கோவை சங்கரா கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஊர் ஊராக முகாம் போட்டு, பெரியவர்களைப் பஸ்ஸில் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். பேரூர் மடம் தமிழ்க் கல்லூரி நடத்துகிறது. எல்லாமே பக்தியிலிருந்து முளைத்தவைதான். நம் கோயில் மட்டும் ஏன் திருவிழாவோடு நின்றுவிட வேண்டும்?

இந்த மாதிரிக் காரியங்களில் இருந்தவர்கள், எது நிலைத்தது, எது நின்றுபோனது என்று சொல்லுங்கள். அடுத்த அமாவாசைக்கு முன்னால் கமிட்டி கூடுகிறது.

---

ஈரோட்டு சிஸ்டர்

தம்பி, நான் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்.

ஈரோட்டில் ப்ரப் ரோடு என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது லண்டன் மிஷன் பாதிரியார் ஏ. டபிள்யூ. ப்ரப் பேரால் வந்தது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர். அவர் பேரில் உள்ள சர்ச்சைப் பார்க்க ஆட்கள் இப்போதும் வருகிறார்கள். அந்தக் காலத்துப் பெண்கள் ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மாட்டார்கள். பிரசவத்தில் சிக்கல் வந்தால் வீட்டிலேயே முடிந்துவிடும். மிஷன்காரர்கள் பெண் டாக்டர்களைக் கூட்டி வந்ததும் உள்ளூர்ப் பெண்பிள்ளைகளுக்கு நர்ஸ் வேலை சொல்லிக்கொடுத்ததும்தான் இங்கே பெரிய மாற்றம். விதவை என்று வீட்டு மூலையில் உட்கார வைத்த பெண் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வார்டில் நின்று நாலு பேருக்கு மருந்து கொடுத்தாள். கட்டடத்தைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

நின்றுபோனது எது என்று கேட்டாய். கட்ட ஆரம்பிக்கும்போது காசு கொட்டும். கல்வெட்டில் பேர் வருமல்லவா? பத்து வருஷம் கழித்து ஆயா சம்பளத்துக்கும் ஜெனரேட்டர் டீசலுக்கும் யாரும் நன்கொடை தர மாட்டார்கள். வெளிநாட்டுப் பணம் குறையக் குறைய எத்தனையோ மிஷன் ஆஸ்பத்திரிகள் ஒன்று கட்டணத்தை ஏற்றின, இல்லாவிட்டால் படுக்கைகளைக் குறைத்தன. ஆகவே வண்டி வாங்குவதை யோசிக்காதே. டிரைவர் சம்பளம் மாசாமாசம் எங்கிருந்து வரும் என்று முதலில் யோசி.

---

பழனிப் பாதை

பழனி இப்போது திண்டுக்கல் மாவட்டம் என்றாலும் பழைய கொங்கு 24 நாட்டில் வையாபுரி நாடு எங்களுடையது. அதனால் உரிமையோடு எழுதுகிறேன்.

"சாமி காசு சாமிக்குத்தான்" என்று சொல்கிறவர்களுக்குச் சட்டத்தையே காட்டலாம். 1959 அறநிலையச் சட்டத்தில் 36, 66 ஆகிய பிரிவுகள் உபரி நிதியைப் பற்றியவை. கல்லூரி, பள்ளி, இந்துக் குழந்தைகளுக்கான அனாதை இல்லம், தொழுநோயாளர் இல்லம், ஆதரவற்றவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்குமான இல்லம், பக்தர்களுக்கான ஆஸ்பத்திரி, இவற்றுக்கெல்லாம் முறைப்படி அனுமதி வாங்கிச் செலவு செய்யலாம் என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் கோயில் துறைக்குக் கீழே இல்லாவிட்டாலும், சாமி காசில் ஜனங்களுக்குச் செய்வது மரபுக்கு விரோதம் இல்லை என்பதற்கு இது போதும்.

பழனிக் கோயில் 1960இலேயே கல்லூரி தொடங்கியது. அப்புறம் பெண்கள் கல்லூரி, பாலிடெக்னிக். உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காட்டுவேலைக் குடும்பங்களிலிருந்து முதல் பட்டதாரிகள் எத்தனையோ பேர் அங்கே படித்து வந்தவர்கள்.

அன்னதானத்தையும் சின்னதாக நினைக்க வேண்டாம். 2002இல் கோயில்களில் மதியச் சாப்பாட்டுத் திட்டம் வந்தது. 2012இல் பழனியிலும் ஸ்ரீரங்கத்திலும் நாள் முழுக்க ஆனது. அது அரசு கஜானாக் காசு இல்லை, அன்னதான உண்டியலும் நன்கொடையும்தான். நான் பந்தியில் பரிமாறுகிறவன். வருகிறவர்களில் பாதயாத்திரை பக்தர்கள் ஒரு பகுதி. பிள்ளைகள் கைவிட்ட கிழவர்கள், அடிவாரத்தில் பூ விற்கிறவர்கள், வேலை தேடி வந்து கிடைக்காத பையன்கள் இன்னொரு பகுதி. இலை போடும்போது யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

---

கருங்கல்பாளையம்

> இலை போடும்போது யாரிடமும் எதுவும் கேட்பதில்லை

நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அந்தக் கிழவருக்கு நாளைக்குச் சோறு இல்லை என்று சொன்னால் அவர் யாரிடம் போய் முறையிடுவார்?

1956இல் காமராஜர் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022இல் காலை உணவு. பள்ளிக்கூடத்தில் தட்டோடு உட்காருகிற பிள்ளை யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. ஒரு நாள் முட்டை வரவில்லை என்றால் அவள் அம்மா வந்து தலைமையாசிரியரைச் சத்தம் போடுகிறாள், கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறாள். அந்தச் சத்தம்தான் எனக்கு முக்கியம். தர்மத்தில் சத்தம் போட முடியாது. கொடுத்தவன் நல்லவனாக இருக்கிற வரைக்கும்தான் அது ஓடும்.

மத அமைப்பு உதவி செய்யும்போது கூடவே ஒன்றை எதிர்பார்க்கிறது. சில இடத்தில் மதமாற்றம், சில இடத்தில் ஓட்டு, சில இடத்தில் ஊர்ப் பெரியதனம். ஒன்றுமே எதிர்பார்க்காத ஆட்களும் உண்டு, அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் ஒரு ஏழையின் சாப்பாட்டையும் வைத்தியத்தையும் அப்படிப்பட்ட நல்ல மனசை நம்பி விட முடியாது. சென்னிமலைத் தறி நண்பரே, வண்டி ஓட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே கமிட்டி கையெழுத்துப் போட்டு, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷின் கூட வேண்டும், நோயாளிகளுக்குப் பஸ் வசதி வேண்டும் என்று ஒரு மனுவும் கொடுங்கள். கோயில் கமிட்டி கேட்டால் எம்.எல்.ஏ. காது கொடுப்பார்.

---

கோட்டைமேடு

கோவையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஜமாத்தில் பைத்துல் மால் என்கிற பொது நிதி நடத்துகிறோம். வைத்தியச் செலவு, படிப்புக் கட்டணம், வட்டி இல்லாத கடன். ஜகாத் என்பது கட்டாயத் தானம், சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு. யாருக்குப் போகவேண்டும் என்று எட்டு வகை இருக்கிறது. அதைப் பொதுவாக எங்கள் ஆட்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஆலிம்களின், அதாவது மார்க்க அறிஞர்களின் கருத்து. சதகா என்கிற விருப்பத் தானம் அப்படி இல்லை, யாருக்கும் கொடுக்கலாம். ஆம்புலன்ஸ் சதகாவில் ஓடுகிறது, அதனால் யார் கூப்பிட்டாலும் போகும். இரண்டுக்கும் கணக்கும் தனி, வங்கிக் கணக்கும் தனி. இந்தப் பிரிவினை உங்களுக்கும் உதவலாம். பூஜைக்கு வந்த காசு வேறு, வண்டிக்கு வந்த காசு வேறு என்று முதல் நாளே பிரித்துவிட்டால் "சாமி காசு" சண்டை பாதி முடிந்தது.

1997 கலவரம், 98 குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் ஆட்களுக்கு இந்த ஊரில் வீடு கிடைப்பதும் வேலை கிடைப்பதும் ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. கைது ஆனவர்கள் குடும்பங்கள் இருந்தன, கடை எரிந்தவர்கள் இருந்தார்கள். வெளியே எந்தக் கதவும் திறக்காதபோது உள்ளுக்குள்ளே ஒருவரை ஒருவர் தாங்கினோம். அந்த உதவி இல்லாவிட்டால் நான் படித்திருக்க மாட்டேன். ஆனால் உள்ளுக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடுவதும் நல்லதில்லை என்று எங்கள் வயசுக்காரர்கள் நினைக்கிறோம்.

2021 மே மாதம் கோவையில் தினசரித் தொற்று சென்னையையே தாண்டியது ஞாபகம் இருக்கும். எங்கள் பையன்கள் பிபிஇ உடை போட்டுக்கொண்டு சுடுகாட்டுக்கும் கபர்ஸ்தானுக்கும் மாறி மாறிப் போனார்கள். சொந்தப் பிள்ளைகளே கிட்ட வரப் பயந்த உடம்புகளை, அவரவர் சடங்கு என்னவென்று கேட்டு அதன்படி அடக்கம் செய்தார்கள். அதற்கப்புறம் ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குப்போசியோடு வருகிற கூட்டத்தில் புது முகங்கள் நிறைய.

---

பெருந்துறை சாந்தி

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். ஒருத்தரும் கேட்காததை நான் கேட்கிறேன். சென்னிமலைத் தறி அண்ணா, நீங்கள் கட்டப்போகும் மண்டபத்தை எங்கள் தெருவுக்கு வாடகைக்கு விடுவீர்களா?

நான் அருந்ததியர் தெரு. எங்கள் பக்கத்திலும் கோயில் வரி வாங்குவார்கள். சில ஊரில் வாங்கவே மாட்டார்கள், ஏனென்றால் வாங்கினால் உரிமை வந்துவிடும். அன்னதானம் நடக்கும், நாங்கள் கடைசிப் பந்தி, அல்லது போசியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு. பெரிய கோயில் பந்தியில் பழனி அண்ணா சொல்வதுபோல யாரும் கேட்பதில்லை, உண்மைதான். ஊர்க் கோயிலில் கேட்கவே தேவையில்லை, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

என் அம்மிச்சி பண்ணையத்தில் சாணி அள்ளினார். என் அம்மாவை ஒரு மிஷன் ஹாஸ்டல் எடுத்துக்கொண்டது. அங்கே கட்டில் கொடுத்தார்கள், எண்ணெய் சோப்புக் கொடுத்தார்கள், பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா டீச்சர் ஆனார். இந்த நன்றியை நான் மறக்க மாட்டேன். ஆனால் அங்கேயும் எல்லாம் சமம் என்று யாரும் சொல்ல வேண்டாம். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கு ஒரு மூலை வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அதோடு, 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவரானால் பட்டியல் சாதி உரிமை போய்விடும். சீக்கியர்களை 1956லும் பௌத்தர்களை 1990லும் அதில் சேர்த்தார்கள், கிறித்தவர்களை இன்னும் சேர்க்கவில்லை. எங்கள் உறவில் ஒரே தெருவில் ஒரு வீடு பட்டியல் சாதி, அடுத்த வீடு பிற்படுத்தப்பட்ட வகுப்பு. 2009இல் எங்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது அந்த அடுத்த வீட்டுப் பையனுக்கு அது கிடைக்கவில்லை. படிப்புக் கொடுத்த சாமி ஒரு பக்கம், வேலை கொடுக்கும் சர்டிபிகேட் இன்னொரு பக்கம்.

குலக் கோயில் அறக்கட்டளைகள் கல்வி உதவித்தொகை தருகின்றன. நல்ல தொகை. விண்ணப்பத்தில் முதல் கட்டமே "குலம்". அதையும் பொதுநலம் என்று பத்திரிகையில் போடுகிறார்கள். தன் பங்காளிக்குச் செய்வதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது பொதுநலம் இல்லை. பொதுநலம் என்றால் எதிர்த்தெருக்காரி வந்து கேட்டாலும் அதே பதில் கிடைக்க வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை கோபி

தணிக்கை வேலை பார்க்கிறேன். சாந்தி சொன்னதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. 1961 வருமான வரிச் சட்டப்படி, அதற்குப் பிறகு தர்ம காரியத்துக்காக உருவான அறக்கட்டளை ஒரு குறிப்பிட்ட மதத்தாருக்கோ சாதிக்கோ மட்டும் என்று இருந்தால் வரிவிலக்கு கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர், பெண்கள், குழந்தைகளுக்கு என்று இருந்தால் பரவாயில்லை. நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி வேண்டும் என்றாலும் இதே நிபந்தனை. எல்லாருக்கும் என்று பத்திரத்தில் எழுதிவிட்டு நடைமுறையில் குலம் பார்க்கிற அமைப்புகளைப் பார்த்திருக்கிறேன். 2025இல் வந்த புது வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன, பத்திரம் எழுதும் முன்பு உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. "மத அமைப்பா, அரசா" என்று இங்கே பேசுகிறோம். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் எப்போதோ கலந்துவிட்டன. மிஷன் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது. கண் முகாமில் ஆபரேஷன் ஒன்றுக்கு இவ்வளவு என்று பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் மானியம் உண்டு. பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி அரிசி தமிழக அரசு தருவது. டிரஸ்ட் ஆஸ்பத்திரி டயாலிசிஸுக்குக் காப்பீட்டுத் திட்டம் பணம் கட்டுகிறது. அரசிடம் பணமும் கடமையும் இருக்கின்றன. ஊர்க்காரனின் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் ஆள் பல நேரம் இல்லை. அந்த ஆள் கோயிலிலும் சர்ச்சிலும் ஜமாத்திலும் இருக்கிறார். சங்கரா மாதிரி இடங்களில் கட்டணம் கட்டும் நூற்றுக்கு இருபது பேர் மீதி எண்பது பேரைத் தாங்கும்படி ஏற்பாடு செய்திருக்கிறார்கள், ஈரோட்டு சிஸ்டர் கேட்ட மாசாமாசச் செலவுக்கு அது ஒரு பதில்.

வெளிநாட்டுப் பணத்தை நம்ப வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் கணக்கு, நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. சின்ன ஹாஸ்டல்கள் சில இதில் திணறுவதைக் கண்ணால் பார்க்கிறேன். அப்புறம், வண்டியில் நோயாளியிடம் காசு வாங்கினால் மஞ்சள் போர்டு வேண்டும். இலவசமாகவே ஓட்டுங்கள்.

---

அனுப்பர்பாளையம்

திருப்பூர். பெரிதாக எழுத நேரமில்லை, ஷிப்ட்.

2020 ஊரடங்கில் லைன் வீடுகளில் ஒடிசா, பீகார் ஆட்கள் அடைந்து கிடந்தார்கள். ரேஷன் கார்டு இல்லை, மொழி தெரியாது. முதல் நாட்களில் சோற்றுப் பொட்டலத்தோடு வந்தது பக்கத்துக் கோயில்காரர்களும் சர்ச்காரர்களும் பள்ளிவாசல்காரர்களும்தான். அதிகாரிகள் பட்டியல் போட்டு வருவதற்கு நாளாயிற்று. இதை நான் மறக்க மாட்டேன்.

மறக்க முடியாதது இன்னொன்று. 2022 அக்டோபரில் திருமுருகன்பூண்டியில் ஒரு காப்பகத்தில் சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மூன்று சிறுவர்கள் செத்துப்போனார்கள். ராத்திரி அங்கே பொறுப்பான ஆள் இருந்தாரா, சமையலறையை யார் பார்த்தார் என்று அப்புறம்தான் எல்லாரும் கேட்டார்கள். 2015 சிறார் நீதிச் சட்டப்படி பதிவும் ஆய்வும் கட்டாயம். மனசு நல்லதாக இருந்தால் போதும், இன்ஸ்பெக்‌ஷன் எதற்கு என்று பேசுகிறவர்களை நான் ஏற்க மாட்டேன். கருங்கல்பாளையத்தார் சொல்கிற அந்தச் சத்தம் அனாதைப் பிள்ளைக்குப் போட ஆளே கிடையாது. அந்தப் பிள்ளைக்காக அரசுதான் வந்து கதவைத் தட்ட வேண்டும்.

---

பழனிப் பாதை

> கொடுத்தவன் நல்லவனாக இருக்கிற வரைக்கும்தான் அது ஓடும்

கருங்கல்பாளையம் ஐயா, அரசும் ஆட்சி நல்லபடி இருக்கிற வரைக்கும்தான் ஓடும். உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் பந்தியில் ஒருவரை உட்காரவைத்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா" என்று கேட்கிறபோது அவர் முகத்தில் வருவது மனு எழுதிக் கிடைப்பதில்லை. இரண்டும் வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

சாந்தி சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. கடைசிப் பந்தி வைக்கிற கோயிலில் நான் பரிமாற மாட்டேன்.

---

சென்னிமலைத் தறி

எல்லாருக்கும் நன்றி. சாந்தி, உங்களுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். இன்றைய கமிட்டி இருக்கிற நிலையில் மண்டபத்தை உங்கள் தெருவுக்கு விட மாட்டார்கள். ஏதாவது காரணம் சொல்லித் தேதி இல்லை என்பார்கள். அது எனக்குத் தெரியும். அதனாலேயே மண்டபம் வேண்டாம் என்கிற என் வாதம் இப்போது இன்னும் கெட்டியாகிறது. டயாலிசிஸ் பட்டியலில் காலனிக்காரர்களும் இருக்கிறார்கள். ஒரே வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் போக வேண்டும். யாராவது அதற்கு முனகினால் அவரிடம் நேரில் பேச நான் தயார்.

கமிட்டியில் வைக்கப்போவது இது. கோயில் கணக்கிலிருந்து பிரித்துத் தனி அறக்கட்டளை, தனி வங்கிக் கணக்கு. மிஞ்சிய தொகையைத் தொடாமல் வைப்பில் போட்டு வட்டியில் டிரைவர் சம்பளம். வட்டி பற்றாது, மீதிக்கு வீட்டுக்கு வீடு மாதச் சந்தா. வண்டியைப் புதிதாக வாங்காமல், ஊரில் சும்மா நிற்கிற ஒரு வேனை ஒப்பந்தத்துக்கு எடுப்பது. அறங்காவலர்களில் காலனியிலிருந்து ஒருவர், பெண்கள் இரண்டு பேர். வரவு செலவை மாதம் ஒருமுறை கோயில் முன்னால் இருக்கும் பலகையில் ஒட்டுவது. கூடவே அரசு ஆஸ்பத்திரிக்கு மனு. மனுவில் கையெழுத்துப் போடக் கமிட்டித் தலைவர் இன்றைக்கே சம்மதித்துவிட்டார். அறங்காவலர் விஷயத்தில்தான் இழுபறி இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை கோபி

ஒப்பந்தத்துக்கு எடுக்கும் வேன் மஞ்சள் போர்டாக இருக்கட்டும், இல்லாவிட்டால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கைவிரிப்பார். பத்திரத்தில் பயனாளி யார் என்கிற பத்தியை "இவ்வட்டாரத்தில் வசிக்கும் நோயாளிகள் அனைவரும், சாதி மத வேறுபாடின்றி" என்று எழுதுங்கள். "ஊர்ப் பொதுமக்கள்" என்று மட்டும் போட்டால் எங்கள் பக்கம் அதற்கு ஊருக்குள் இருக்கிற தெருக்கள் மட்டும் என்று அர்த்தம் பண்ணிவிடுவார்கள்.

---

பெருந்துறை சாந்தி

கோபி அண்ணா சொன்ன வரியோடு "காலனி உட்பட" என்ற இரண்டு வார்த்தையும் வேண்டும். அறங்காவலருக்கு எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார், சத்துணவு அமைப்பாளர், கணக்கு நன்றாக எழுதுவார். அவரிடம் இன்றைக்குச் சாயங்காலம் கேட்டுப் பார்க்கிறேன். பதிவுக்குக் கொடுக்கும் முன்பு பத்திரத்தின் நகலை இங்கே போடுங்கள் அண்ணா, நாங்களும் படிக்கிறோம்.